பத்து வயது அரசனின் இதயம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சுப் புரட்சி பற்றிய கட்டுரையில், பதினாறாம் லூயியின் மகன் சிறையிலேயே இறந்துபோனான் என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அந்தப் பையனைப் பற்றித் தேடினால் யூடியூபில் கதைகள் கொட்டிக் கிடக்கின்றன. செருப்புத் தைப்பவன் ஒருவன் அவனை அடித்தே கொன்றான் என்கிறது ஒன்று. அவன் சாகவே இல்லை, ஊமைப் பையன் ஒருவனை அவன் இடத்தில் வைத்துவிட்டுக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள், பிறகு நாவுன்டார்ஃப் என்ற பெயரில் ஹாலந்தில் வாழ்ந்து செத்தான் என்கிறது இன்னொன்று. டிஎன்ஏ சோதனையில் எல்லாம் முடிந்துவிட்டது என்கிறது மூன்றாவது.

நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துபவன். அதனால் மூன்றாவதுதான் எனக்கு இடிக்கிறது. சோதித்தது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ என்கிறார்கள். அது தாய்வழியை மட்டும்தானே காட்டும்? அந்தப் பையனுக்கு முன்பே இறந்த ஓர் அண்ணன் இருந்தானே, இதயம் அவனுடையதாக ஏன் இருக்கக் கூடாது? இருநூறு வருடம் காய்ந்து கிடந்த சதையில் என்ன மிஞ்சும்? உடல் என்ன ஆயிற்று? விளக்கமாக எழுத முடியுமா?

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர.,

நீங்கள் கேட்டது சரியான கேள்வி. டிஎன்ஏ தனியாக எதையும் முடித்துவைக்கவில்லை. ஆவணங்களில் ஒரு ஓட்டை இருக்கிறது, டிஎன்ஏவில் வேறொரு ஓட்டை இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் இல்லை என்பதால்தான் இந்த வழக்கு தீர்ந்தது. செருப்புத் தைப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்மீது விழுந்த பழியில் பாதிக்கு மேல் வேறு ஆட்களுக்குச் சேர வேண்டியது.

முதலில் பையனின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லூயி ஷார்ல் 1785 மார்ச் 27 அன்று வெர்சாய் அரண்மனையில் பிறந்தான். பதினாறாம் லூயிக்கும் மேரி அன்டாய்னெட்டுக்கும் இரண்டாவது மகன். பிறந்த அன்றே நார்மண்டி பிரபு என்ற பட்டம் கிடைத்தது. பட்டத்துக்கு உரியவன் அண்ணன் லூயி ஜோசஃப். 1781இல் பிறந்த அவன் முதுகெலும்புக் காசநோயால் கூனி, நடக்க முடியாமல் போய், 1789 ஜூன் 4 அன்று மூதோன் மாளிகையில் ஏழு வயதில் இறந்தான். வெர்சாயில் நாட்டு மன்றம் கூடி ஒரு மாதம் ஆகியிருந்தது. அவையின் கூச்சலுக்கு நடுவே அந்தச் சாவை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. நான்கு வயதுத் தம்பி பட்டத்து இளவரசன் ஆனான்.

அடுத்த நான்கு மாதத்தில், அக்டோபர் 6 அன்று, பாரீஸ் கூட்டம் அரச குடும்பத்தை வெர்சாயிலிருந்து கிளப்பித் துயிலரி அரண்மனைக்குக் கொண்டுவந்தது. 1791 ஜூனில் தப்பி ஓடப் பார்த்தார்கள். பையனுக்குப் பெண் குழந்தை வேஷம் போட்டு வண்டியில் ஏற்றினார்கள். வரேன் என்ற சிற்றூரில் பிடிபட்டார்கள். 1792 ஆகஸ்ட் 10 அன்று துயிலரி தாக்கப்பட்டது. மூன்று நாள் கழித்துக் குடும்பம் முழுவதையும் டெம்பிள் கோட்டைக் கோபுரத்தில் அடைத்தார்கள். 1793 ஜனவரி 21 அன்று அப்பாவின் தலை விழுந்தது. அந்த நிமிஷத்திலிருந்து, அரச விசுவாசிகளின் கணக்கில், ஏழு வயதுப் பையன் பதினேழாம் லூயி. அவன் ஒரு நாளும் அரியணையில் அமரவில்லை.

இனிதான் செருப்புத் தைப்பவர் வருகிறார். 1793 ஜூலை 3 இரவு பையனைத் தாயிடமிருந்து பிரித்து, அதே கோபுரத்தில் கீழ்த்தளத்தில் ஆன்துவான் சிமோன் என்பவரிடம் ஒப்படைத்தார்கள். சிமோனுக்குச் செருப்புத் தைக்கும் தொழில், புரட்சி நகரசபையில் உறுப்பினர் பதவி. மனைவி மரி ழான் கூடவே தங்கினார். இந்த ஆறரை மாதத்தைப் பற்றித்தான் அடி, உதை, சித்திரவதைக் கதைகள் எல்லாம். அவற்றில் பெரும்பகுதி மன்னராட்சி திரும்பிய பிறகு எழுதப்பட்டவை. தியாகிக்கு ஒரு கொடியவன் தேவைப்பட்டான். சிமோனோ எதிர்த்துப் பேச உயிரோடு இல்லை, 1794 ஜூலை 28 அன்று புரட்சித் தலைவர் ரோபெஸ்பியரோடு கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரத்தில் போய்விட்டார்.

மேல்தளத்தில் அடைபட்டிருந்த அக்கா மரி தெரேஸ் எழுதிவைத்த குறிப்புகள் இந்த விஷயத்தில் முக்கியமானவை. சிமோன்மேல் அவருக்குக் கடும் வெறுப்பு. அப்படிப்பட்டவரே எழுதுவது: தம்பிக்கு அளவுக்கு மீறிச் சாப்பாடு போட்டார்கள், மது குடிக்க வைத்தார்கள், அவன் பருத்துப்போனான், புரட்சிப் பாட்டுகளைப் பாடுவது எங்களுக்குக் கேட்டது. முரட்டு வளர்ப்புதான், வேண்டுமென்றே கெடுத்த வளர்ப்பு. ஆனால் பட்டினி போட்டுக் கொல்லும் வளர்ப்பு இது ஆகாது.

சிமோன் காலத்தின் உண்மையான கொடுமை 1793 அக்டோபர் 6 அன்று நடந்தது. எபேர், ஷோமெத் போன்ற நகரசபைத் தலைகள் வந்து, தாய் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்ற வாக்குமூலத்தில் பையனைக் கையெழுத்துப் போட வைத்தார்கள். அவனுக்கு எட்டரை வயது. வாக்குமூலத்தின் அடியில் இருக்கும் கையெழுத்து தள்ளாடுகிறது. அதை எடுத்துக்கொண்டு போய்த் தாயின் விசாரணையில் வாசித்தார்கள். மேரி அன்டாய்னெட் அதற்குப் பதில் சொல்லாமல், இங்கே இருக்கும் எல்லாத் தாய்மாரிடமும் முறையிடுகிறேன் என்றார். அக்டோபர் 16 அன்று அவர் தலையும் விழுந்தது.

1794 ஜனவரி 19 அன்று சிமோன் வேலையை விட்டுப் போனார். அதன் பிறகு நடந்ததுதான் பையனைக் கொன்றது என்பது என் கருத்து. சிமோனுக்குப் பதிலாக இன்னொருவரை நியமிக்கவில்லை. நாளொன்றுக்கு நான்கு நகரசபை ஆணையர்கள் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். நாள்தோறும் ஆள் மாறினால் யாருக்கும் பொறுப்பு இல்லை. ஆணையருக்கு இருந்த ஒரே கவலை, தன் முறையில் கைதி தப்பிவிடக் கூடாது என்பது. பையன் உள்ளே இருக்கிறானா என்று பார்த்துவிட்டு, அடுத்தவரிடம் ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் கடமை முடிந்தது. படுக்கையைத் தட்டிப் போடுவது, துணி மாற்றுவது, குளிப்பாட்டுவது யார் வேலை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆறு மாதம் படுக்கை மாற்றப்படவில்லை என்கிறார் அக்கா. மூட்டைப்பூச்சி, தெள்ளுப்பூச்சி. சன்னல் திறக்கப்படவில்லை, கழிவு அறைக்குள்ளேயே கிடந்தது. கூப்பிட ஒரு மணி இருந்தது. பயத்தில் அவன் அதை இழுத்ததே இல்லை.

அவனைச் சுவர் வைத்து அடைத்தார்கள் என்று சில வீடியோக்களில் வரும். அதற்கெல்லாம் அவசியமே இருக்கவில்லை. பூட்டிய கதவும் பொறுப்பில்லாத ஆட்களும் போதுமானதாக இருந்தது.

ரோபெஸ்பியர் விழுந்த மறுநாள், 1794 ஜூலை 28 காலை, பர்ரா என்ற தலைவர் கோபுரத்துக்குப் போய்ப் பையனைப் பார்த்தார். உடனே மார்த்தினிக் தீவைச் சேர்ந்த லோரான் என்பவரைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். அறை கழுவப்பட்டது, படுக்கையும் துணியும் மாறின. நவம்பரில் கொமேன் என்பவர் சேர்ந்தார், 1795 மார்ச் இறுதியில் லோரானுக்குப் பதிலாக லான் வந்தார். இவர்கள் நல்லபடியாகத்தான் நடத்தினார்கள். ஆனால் நோய் ஏற்கெனவே எலும்புக்குள் இறங்கியிருந்தது. முழங்காலிலும் மணிக்கட்டிலும் வீக்கம். 1795 தொடக்கத்தில் பார்க்க வந்த அரசுப் பிரதிநிதிகளிடம் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊமைப் பையனை மாற்றி வைத்தார்கள் என்ற கதைக்கு விதை இங்கேதான் விழுந்தது. தினமும் கூட இருந்த கொமேனும் லானும் அவன் பேசுவான் என்றே பின்னாளில் சாட்சி சொன்னார்கள். அந்நியர் முன் வாய் திறந்து ஒரு முறை அவன் பட்டது போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மே மாதத்தில் பாரீசின் பேர்பெற்ற அறுவை மருத்துவர் தெசோ வந்து பார்த்தார். ஜூன் 1 அன்று அவரே திடீரென்று இறந்துவிட்டார். விஷம் வைத்துவிட்டார்கள் என்ற வதந்தி அன்றே கிளம்பியது. அவர் இடத்தில் பிலிப் ழான் பெல்தான் வந்தார். துமாஞ்சான் என்ற மருத்துவரும் சேர்ந்துகொண்டார். பெல்தான் செய்த முதல் காரியம், காற்றும் வெளிச்சமும் வரும் அறைக்குப் பையனை மாற்றச் சொன்னது. காலம் கடந்திருந்தது. 1795 ஜூன் 8 பிற்பகலில் உயிர் பிரிந்தது. வயது பத்து வருடம், இரண்டு மாதம், பன்னிரண்டு நாள்.

மறுநாள் நால்வர் சேர்ந்து பிரேதப் பரிசோதனை செய்தார்கள். பெல்தான், துமாஞ்சானோடு லாசு, ழான்றுவா. அந்த அறிக்கை கிடைக்கிறது, மருத்துவ மொழியில் தெளிவாக எழுதப்பட்டது. வலது முழங்காலின் உட்புறம் ஒரு கட்டி, மேல்தோல் நிறம் மாறவில்லை, உள்ளே இரண்டு அவுன்ஸ் அளவுக்குச் சாம்பல் நிறச் சீழ். இடது மணிக்கட்டு அருகே இன்னொரு கட்டி. வயிற்றைத் திறந்தால் நாற்றமடிக்கும் மஞ்சள் நீர் கட்டியிருந்தது, குடல்கள் வீங்கி ஒன்றோடொன்றும் வயிற்றுச் சுவரோடும் ஒட்டிக் கிடந்தன, எங்கும் சிறிதும் பெரிதுமாய்க் கழலைகள். நுரையீரல் சவ்வோடு ஒட்டியிருந்தது, ஆனால் அதன் சதை நன்றாக இருந்தது. மூளை நன்றாக இருந்தது. இதயம் வெளிறியிருந்தது, மற்றபடி இயல்பு. அன்றைய மொழியில் கண்டமாலை நோய். இன்றைய மொழியில் எலும்பையும் வயிற்றுச் சவ்வையும் தாக்கிப் பரவிய காசநோய். அடித்துக் கொன்றதற்கோ விஷத்துக்கோ இதில் இடமில்லை. அண்ணனுக்கும் காசநோய்தான் என்பதை நினைவில் வையுங்கள். வெர்சாயின் மெத்தையில் கிடந்தவனும் அதில்தான் செத்தான். தம்பியின் விஷயத்தில் இருட்டறையும் அழுக்கும் அசைவின்மையும் நோய்க்கு வழிவிட்டன.

இப்போது ஓட்டைக்கு வருகிறேன். அறிக்கையின் தொடக்கத்தில் மருத்துவர்கள் எழுதியதன் சாரம் இது: சுமார் பத்து வயதுள்ள ஒரு குழந்தையின் உடலைப் பார்த்தோம், இது லூயி கப்பேயின் (பதினாறாம் லூயிக்குப் புரட்சியாளர்கள் வைத்த பெயர்) மகன் என்று ஆணையர்கள் எங்களிடம் சொன்னார்கள், எங்களில் இருவர் சில நாள்களாகத் தாங்கள் சிகிச்சை அளித்த குழந்தை இதுவே என்று அடையாளம் கண்டார்கள்.

மருத்துவர்களைக் குறை சொல்ல முடியாது. தெரிந்ததை மட்டும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஜூன் முதல் வாரத்தில் சிகிச்சை பெற்ற பையனும் இறந்த பையனும் ஒன்று என்பதைத்தான் இது நிறுவுகிறது. அந்தப் பையனும் 1792இல் கோபுரத்துக்குள் போன இளவரசனும் ஒன்றா என்பதை இது சொல்லவில்லை. அதைச் சொல்லக்கூடிய ஒரே ரத்த உறவு, அதே கட்டடத்தில் மேல்தளத்தில் இருந்த அக்கா. அவரிடம் உடலைக் காட்டவில்லை. ஜூன் 10 அன்று சான்த் மார்கரீத் தேவாலய இடுகாட்டில் பொதுக்குழியில் புதைத்துவிட்டார்கள். நாவுன்டார்ஃப் உட்பட இளவரசன் நானே என்று கிளம்பிய அத்தனை பேரும் இந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வந்தார்கள்.

அந்தப் பரிசோதனையின்போதே ஓட்டையை அடைப்பதற்கான பொருளும் வெளியே போய்விட்டது. உடலைத் தைத்து மூடும் வேலை பெல்தானுக்கு விழுந்தது. மற்றவர்கள் சன்னல் பக்கம் ஒதுங்கிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இதயத்தை எடுத்துத் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிரெஞ்சு அரச குடும்பத்தில் இதயத்தைத் தனியே எடுத்து வைப்பது வழக்கம். அரசபக்தி காரணமா, அபூர்வப் பொருள் என்ற ஆசையா, இரண்டும் கலந்ததா என்பது அவருக்கே வெளிச்சம்.

வீட்டில் கண்ணாடி ஜாடியில் சாராய மதுவில் போட்டு வைத்தார். மது ஆவியாக ஆவியாக ஊற்றினார். சில வருடங்களில் முழுவதும் ஆவியாகி, இதயம் காய்ந்து இறுகிவிட்டது. பிறகு மேசை இழுப்பறைக்குப் போனது. தில்லோ என்ற மாணவர் அங்கிருந்து திருடினார். அவர் காசநோயில் இறந்த பிறகு மனைவி திருப்பிக் கொடுத்தார். பதினெட்டாம் லூயி அரியணை ஏறியதும் பெல்தான் அரண்மனையில் கொடுக்கப் பார்த்தார், வாங்க ஆள் இல்லை. புரட்சிக் காலத்தில் உத்தியோகம் பார்த்த மருத்துவர்மேல் அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. 1828இல் பாரீஸ் பேராயரிடம் ஒப்படைத்தார். 1830 ஜூலைப் புரட்சியில் பேராயர் மாளிகை சூறையாடப்பட்டது. லெஸ்க்ரோவார் என்ற தொழிலாளி படிகக் கண்ணாடிக் கலசத்தைக் காப்பாற்றப் பார்த்தார், கைகலப்பில் கலசம் உடைந்தது. சில நாள் கழித்துப் பெல்தானின் மகன் அவரோடு போய் முற்றத்தில் தேடி, கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே மணலில் கிடந்த இதயத்தைக் கண்டெடுத்தார். அதன் பின் சில கைகள் மாறி, 1895இல் போர்போன் என்ற அந்த அரச வம்சத்தில் ஸ்பெயின் அரியணைக்கு உரிமை கோரிய கிளைக்குப் போய், வியன்னாவுக்கு அருகே ஃப்ரோஸ்டார்ஃப் மாளிகையில் இருந்தது. 1975இல் அந்தக் குடும்பம் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்தது. பிரெஞ்சு அரசர்களின் கல்லறைத் தலமான சான் தெனி தேவாலயத்தில் வைக்கப்பட்டது.

இந்தச் சங்கிலியில் எத்தனை இடத்தில் கை நழுவியிருக்கிறது பாருங்கள். இழுப்பறை, திருட்டு, முற்றத்து மணல். நீதிமன்றத்தில் இந்தப் பொருளைச் சாட்சியமாகக் காட்டினால் வக்கீல் பத்து நிமிஷத்தில் கிழித்துவிடுவார். ஆகவே ஆவணம் மட்டும் போதாது.

1999 டிசம்பரில் வரலாற்றாசிரியர் பிலிப் தெலோர்ம் எடுத்த முயற்சியில் மாதிரி எடுத்தார்கள். இதயம் மரக்கட்டைபோல் இறுகியிருந்ததால் ரம்பத்தால் அறுக்க வேண்டிவந்தது. தசையிலும் பெருந்தமனியிலும் சிறு துண்டுகள். ஒரு பங்கு பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ழான் ழாக் காசிமானிடம் போனது, இன்னொரு பங்கு ஜெர்மனியின் மியூன்ஸ்டரில் பெர்ன்ட் பிரிங்க்மானிடம். இரண்டு ஆய்வகங்களும் தனித்தனியே செய்ய வேண்டும், முடிவு ஒத்துப்போக வேண்டும்.

நீங்கள் உயிரியல் ஆசிரியர் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லலாம். செல் உட்கருவில் ஒவ்வொரு மரபணுவும் இரண்டே பிரதி. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில், இதயத் தசை போன்றவற்றில் ஆயிரக்கணக்கில் இருக்கும். இருநூறு வருடத்தில் பெரும்பகுதி சிதைந்தாலும் ஏதோ கொஞ்சம் மிஞ்சுவது இதில்தான். இன்னொரு காரணம் ஒப்பிடுவதற்குக் கிடைத்த பொருள். வேரில்லாத பழைய தலைமுடியில் உட்கரு டிஎன்ஏ அநேகமாகக் கிடைக்காது, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ கிடைக்கும்.

பழைய மாதிரியில் இழை துண்டு துண்டாக முறிந்திருக்கும். நீளமான பகுதியைப் பிசிஆரில் (டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் முறை) ஒரே மூச்சில் பெருக்கப் பார்த்தால் ஒன்றும் வராது. அல்லது இன்னும் மோசம், அழகாக வந்துவிடும். பழைய மாதிரியில் நீளமான துண்டு சுலபமாகக் கிடைத்தால் அது மாதிரியைத் தொட்ட யாரோ ஒருவருடைய புது டிஎன்ஏ என்று சந்தேகப்பட வேண்டும். அதனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய சிறு சிறு துண்டுகளாகப் பெருக்கி, கிழிந்த கடிதத்தை ஒட்டுவதுபோல் சேர்த்துப் படிப்பார்கள். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஒரு வளையம், அதன் மொத்த நீளம் 16,569 எழுத்து. அதில் கட்டுப்பாட்டுப் பகுதியிலுள்ள இரண்டு மிகைமாற்றப் பகுதிகளைத்தான் படிப்பார்கள், ஆளுக்கு ஆள் வேறுபாடு அங்கேதான் அதிகம். இந்த இதயத்தை எத்தனை பேர் தொட்டிருப்பார்கள் என்பதுதான் பெரிய தலைவலி. மேற்பரப்பை நீக்கி உட்சதையை எடுப்பது, மாதிரி இல்லாத வெற்றுக் குழாயைக் கூடவே ஓட்டுவது, ஆய்வகத்து ஆட்களின் வரிசையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எல்லாம் இப்படிப்பட்ட வேலையில் கட்டாயம்.

எதனோடு ஒப்பிட்டார்கள்? மேரி அன்டாய்னெட்டின் முடி, அவர் சகோதரிகள் இருவரின் முடி. சகோதரிகளின் முடி அவர்கள் தாய் பேரரசி மரியா தெரசாவின் செபமாலையில் வைக்கப்பட்டிருந்தது, ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபூர்ட் மடத்தில் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அடுத்து உயிரோடிருந்த இருவர், ருமேனியாவின் அரசி ஆன், அவர் தம்பி ஆந்த்ரே. ஆனின் தாய்வழியைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள். தாய் டென்மார்க்கின் மார்கரெத், அவர் தாய் ஓர்லியான் மரி, அவர் தாய் ஃப்ரான்சுவாஸ், அவர் தாய் பிரேசில் இளவரசி ஃப்ரான்சிஸ்கா, அவர் தாய் பிரேசில் பேரரசி லியோபோல்டினா, அவர் தாய் நேப்பிள்சின் மரியா தெரசா, அவர் தாய் மரியா கரோலினா. இந்தக் கரோலினா மேரி அன்டாய்னெட்டின் உடன்பிறந்த அக்கா. நடுவில் ஓர் ஆண் கூடக் குறுக்கே வராத சங்கிலி. ஓர் இடத்தில் மகன் வழியாகப் போயிருந்தாலும் ஒப்பீடு செல்லாது. ஆந்த்ரே ஆண்தான், ஆனால் கடைசிக் கண்ணி என்பதால் தாயிடமிருந்து பெற்றதை வைத்துச் சோதிக்கலாம், அவர் பிள்ளைகளை வைத்துச் சோதிக்க முடியாது.

2000 ஏப்ரல் 19 அன்று முடிவை அறிவித்தார்கள். இதயத்தின் வரிசை இந்தத் தாய்வழியோடு ஒத்துப்போனது. காய்ந்த இதயம் ஏதோ ஒரு மருத்துவ மாணவனின் பாடப்பொருள் என்ற வாதம் அன்றோடு தீர்ந்தது. இழுப்பறையும் மணலும் இனிப் பிரச்சினை இல்லை. நடுவில் யாராவது வேறு இதயத்தை மாற்றி வைத்திருந்தால், அது மேரி அன்டாய்னெட் பிறந்த ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் தாய்வழிக் குழந்தையின் இதயமாக இருக்க வேண்டிய அவசியம் என்ன?

ஒரே ஒரு வழியில் இருக்கலாம். அது நீங்கள் கேட்ட அண்ணன். மைட்டோகாண்ட்ரியா இங்கே உதவாது, அண்ணன் தம்பிக்கு ஒரே வரிசை. ஒய் குரோமோசோமைப் பார்க்கலாமே என்றால் அதுவும் உதவாது, அப்பாவும் ஒருவரே. அளவும் உதவாது. இதயம் ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையுடையது என்றார்கள், ஏழரையும் பத்தும் அதற்குள்ளேயே வருகின்றன. ஒரு வயதுகூட நிரம்பாமல் இறந்த தங்கை சோஃபியை மட்டும் அது விலக்குகிறது. மரபணு நிற்கும் இடம் இதுதான். இனி மறுபடி ஆவணத்துக்குத் திரும்ப வேண்டும்.

அண்ணன் இறந்தது மன்னராட்சி இருக்கும்போது. அவன் இதயத்தை அரச முறைப்படி பதப்படுத்தி, வழக்கம்போல் வால் த க்ராஸ் மடத்துக்கு அனுப்பினார்கள். அரச முறை என்றால் இதயத்தை அறுத்துத் திறந்து, வாசனைப் பொருள்களும் மூலிகைகளும் இட்டுப் பதப்படுத்துவது. சான் தெனியில் இருந்த இதயத்தில் அந்த வேலைப்பாட்டின் தடயம் இல்லை. அது மதுவில் ஊறிக் காய்ந்த இதயம், பெல்தான் சொன்ன கதைக்குப் பொருந்துகிற இதயம். வால் த க்ராஸ் இதயங்கள் புரட்சியில் சூறையாடப்பட்டது உண்மை. ஆனால் அங்கிருந்து அண்ணனின் இதயம் பெல்தானின் ஜாடிக்கு வந்தது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. தம்பியின் இதயத்தை எடுத்தேன் என்று அறுத்தவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அண்ணன் கட்சியை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். சாத்தியம் என்ற அளவில் அது உயிரோடு இருக்கிறது, சான்று என்ற அளவில் இல்லை.

நாவுன்டார்ஃப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரஷ்யாவில் கடிகாரம் பழுதுபார்த்துப் பிழைத்தவர், 1845இல் ஹாலந்தின் டெல்ஃப்டில் இறந்தார், கல்லறையில் பதினேழாம் லூயி என்றே பொறித்திருக்கிறார்கள். 1950இல் கல்லறையைத் திறந்தபோது எடுத்து வைத்த மேற்கை எலும்பைக் காசிமான் குழு சோதித்து 1998இல் முடிவை வெளியிட்டது. தாய்வழி வரிசை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் மாறுபட்டது. ஓர் எழுத்து மாறினால் இடையில் நடந்த திடீர் மாற்றமாக இருக்கலாம், முடிவு சொல்லக் கூடாது. இரண்டோ அதற்கு மேலோ மாறினால் விலக்கிவிடுவது தடயவியல் வழக்கம். 2014இல் அவரது ஆண்வழி வாரிசு ஒருவரின் ஒய் குரோமோசோம் போர்போன் குடும்பத்தோடு ஒத்துப்போகிறது என்று ஓர் ஆய்வு வந்தது, நீங்கள் பார்த்த வீடியோ அதை வைத்துத்தான் செய்யப்பட்டிருக்கும். அது முழுக்கச் சரி என்றே வைத்துக்கொண்டாலும், முன்னோரில் எங்கோ ஒரு போர்போன் ஆண் இருந்தார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. அரச குடும்பத்து ஆண்கள் விட்டுச்சென்ற கணக்கில் வராத பிள்ளைகள் ஐரோப்பாவில் குறைவில்லை. மேரி அன்டாய்னெட்டின் மகன் என்று காட்ட வேண்டுமென்றால் தாய்வழி பொருந்த வேண்டும், அது பொருந்தவில்லை. அந்த எலும்பே நாவுன்டார்ஃபுடையதுதானா என்று ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் இதயம் இளவரசனுடையது என்றால், எலும்பு யாருடையதானாலும் டெல்ஃப்டில் கிடப்பவர் பதினேழாம் லூயி ஆக முடியாது.

கடைசியாக உடல். 1846இலும் 1894இலும் சான்த் மார்கரீத் இடுகாட்டில் தோண்டினார்கள். ஓர் ஈயப்பெட்டியில் எலும்புக்கூடு கிடைத்தது, மண்டையோடு பிரேதப் பரிசோதனைக்காக அறுக்கப்பட்டிருந்தது. இதுதான் என்று முதலில் பரபரப்பு. பற்களையும் நீள எலும்புகளையும் பார்த்த மருத்துவர்கள் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஒருவருடையது என்றார்கள். மாற்றுப்பையன் கதைக்காரர்கள் இதையும் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பொதுக்குழியில் புதைத்தவனை ஈயப்பெட்டியில் தேடியதே முதல் கோளாறு. பெற்றோரின் எச்சங்களை 1815இல் தோண்டி எடுத்துச் சான் தெனிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பையனின் இதயத்தை 2004 ஜூன் 8 அன்று, இறந்து 209 வருடம் கழித்து, அதே தேவாலயத்தின் நிலவறையில் முறைப்படி வைத்தார்கள். உடலின் மீதி சான்த் மார்கரீத் மண்ணில் மற்றவர்களோடு கலந்து கிடக்கிறது. எந்தக் குழி என்று காட்டும் நம்பகமான பதிவு இல்லாததால் இனித் தோண்டவும் இடமில்லை.

அன்புடன்,
ஆசிரியர்